கேட்காமல் போன இரைச்சல்

வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அந்த நாளில் பாட்டு ஒருபோதும் தனியாக வந்ததில்லை. கூடவே ஒரு கொரகொரப்பும் வரும். எங்கள் அம்பத்தூரிலோ அந்தக் கொரகொரப்புக்கு ஊரே கைகொடுத்தது. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் எந்த நேரத்தில் ஆர்க் வெல்டிங் நடக்கிறது, எதிர்வீட்டு மாமி எத்தனை மணிக்குச் சட்னி அரைக்கிறார், தெருமுனை டியூப் லைட்டின் ஸ்டார்ட்டர் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம், எட்டிப் பார்க்காமலேயே, இலங்கை வானொலியின் நடுவே எங்களுக்கு வந்து சேர்ந்துவிடும். மயில்வாகனனும் அப்துல் ஹமீதும் அழகாகப் பேசிக்கொண்டிருக்கையில் மிக்ஸி குறுக்கிட்டால், வீட்டில் யாராவது "இன்னிக்கு அவங்க வீட்ல தோசை" என்பார்கள். அந்த மிக்ஸி நிற்கும்வரை காத்திருந்துவிட்டு மறுபடியும் காதைக் கொடுப்போம்.

உங்கள் வீட்டிலும் ஒரு மர்ஃபியோ பிலிப்ஸோ, பூத்தையல் போட்ட துணி போர்த்தி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பலகை அடித்து வைத்திருந்திருப்பார்கள். அதற்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டணம் கட்டியிருப்பார்கள். மொட்டை மாடியில் இரண்டு மூங்கில் நட்டு, நடுவே செம்பு வலை ஏரியலைக் கட்டி, அதிலிருந்து ஒரு கம்பியை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து விட்டிருப்பார்கள். பங்குனி, சித்திரையில் எங்கோ மின்னல் வெட்டினாலும் பெட்டி படபடக்கும். அப்பா எழுந்து ஏரியல் கம்பியைப் பிடுங்கி வைப்பார். வெளியே நடப்பதையெல்லாம் அந்தப் பெட்டி ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. தொந்தரவு என்றுதான் அதை அன்று நினைத்தோம். இத்தனை ஆண்டுகள் கழித்து, அதை ஒரு வரம் என்று நினைக்கிறேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் முழுக்கவே மோட்டாராலும் பொறியாலும் ஆன பூமி. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை ஒரு பக்கம். மோட்டார் வண்டிகளுக்கு டைனமோவும் ஸ்டார்ட்டரும் செய்த லூகாஸ் டிவிஎஸ் பாடியில். ஆவடியில், 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்த கனரக வாகனத் தொழிற்சாலை. அதே ஆவடியில்தான் அகில இந்திய வானொலியின் ஒலிபரப்புக் கோபுரங்களும் நின்றன. வானொலி அலையைப் பிறப்பிக்கும் இடமும், அதைக் கெடுக்கும் மோட்டார்கள் பிறக்கும் இடமும் ஒரே ரயில் பாதையில் சில நிறுத்தங்களுக்குள். பேருந்தில் வருகிறவன் பாடிப் பக்கம் பிஸ்கட் வேகும் வாசனையை வைத்து ஊர் நெருங்கிவிட்டதை அறிவான். ரேடியோ கேட்கிறவன் இரைச்சலை வைத்து அறிவான்.

ஐ.டி.ஐ. படித்த நாட்களில் ஸ்டேஷன் பக்கத்து ரேடியோ ரிப்பேர்க் கடை ஒன்றில் மாலை நேரங்களில் உட்காருவேன். சால்டரிங் அயர்னின் புகையும், திறந்து போட்ட பெட்டிகளின் தூசு வாசனையும், சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய வால்வு அட்டவணையும் இன்றும் கண்ணில் இருக்கின்றன. கடைக்கார அண்ணன் என்னிடம் அடிக்கடி சொன்னது ஒன்றுதான்: "சத்தம் பொறக்கிற எடத்துலயே அமுக்கணும்டா. ரேடியோகிட்ட வந்து சேந்தப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது." கொரகொரப்பு என்று யார் பெட்டியைத் தூக்கிவந்தாலும் அவர் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்கமாட்டார். வீட்டில் என்னென்ன ஓடுகிறது, எந்த நேரத்தில் சத்தம் வருகிறது, பக்கத்தில் யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல விசாரிப்பார்.

பிறகு ஒரு சின்ன டிரான்சிஸ்டரை என் கையில் கொடுத்து அனுப்புவார். எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, தெருவில் நடந்துகொண்டே பெட்டியை மெல்லத் திருப்ப வேண்டும். உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டு பக்கவாட்டில் வரும் அலையைத்தான் நன்றாக வாங்கும். அதன் முனை அலை பிறக்கும் திசையை நோக்கியதும் சத்தம் சட்டென்று விழுந்துவிடும். எங்கே விழுகிறதோ, அந்த முனை காட்டும் கோட்டில்தான் குற்றவாளி இருப்பான். தளர்ந்த ஃபியூஸ் கட்டையையும், கரி பிடித்த ஸ்விட்சையும், கார்பன் தேய்ந்த தையல் மெஷின் மோட்டாரையும் அப்படித்தான் கண்டுபிடித்தோம். இரைச்சலைக் காதால் துரத்திப் பிடிப்பதில் அந்த வயதில் எனக்கு இருந்த ஆனந்தம், பின்னாளில் விலையுயர்ந்த கருவிகளின் திரையில் கோடுகளைப் பார்த்தபோது வரவில்லை.

ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி வானொலி நிலையம் என்பது அப்போதுதான் விளங்கியது. உலகின் முதல் வயர்லெஸ் கருவிகள் பொறியால்தான் பேசின. மார்க்கோனியின் கருவிகள் இரண்டு உலோக உருண்டைகளுக்கு நடுவே தெறித்த பொறியிலிருந்தே அலையை அனுப்பின. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் 1924இல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கியபோதும், 1938இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தபோதும், நல்ல குரலை அனுப்ப ஒரு பக்கம் பாடுபட்டவர்கள், மறுபக்கம் மோட்டாரும் டிராமும் கிளப்பும் பொறிகளோடு போராட வேண்டியிருந்தது. உலகம் முழுக்க இதே பாடுதான். அதனால்தான் 1934இல் பாரிசில் கூடி, வானொலி இடையூறுகளுக்கென்றே சிஸ்பிர் என்ற சர்வதேசக் குழுவை அமைத்தார்கள். ஒரு கருவி எவ்வளவு இரைச்சலை வெளியே விடலாம் என்ற வரம்புகளை அந்தக் குழு இன்றும் வகுத்துத் தருகிறது.

இரைச்சலைத் துரத்திப் பிடிக்கும் இந்த வித்தை வீட்டு வாசலோடு நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணனுக்குக் காசிமேட்டில் உறவு உண்டு. அங்கே விசைப்படகு வைத்திருந்தவர்கள் டிரான்சிஸ்டர்களை ரிப்பேருக்கு அனுப்புவார்கள். எல்லாப் பெட்டிக்கும் ஒரே புகார். அம்பத்தூரில் பீச் வண்டி ஏறி, ராயபுரத்தில் இறங்கி, மீன் வாசனையைப் பிடித்தபடி நடந்தால் துறைமுகம். படகு டிரைவர் ஒருவர் என்னிடம் சொன்னதை மறக்கவே முடியாது: "இஞ்சின் நின்னா ரேடியோ பாடுது தம்பி, இஞ்சின் ஓடுனா இஞ்சின்தான் பாடுது."

அன்று பெரும்பாலான மீன்பிடிப் படகுகளில் வயர்லெஸ் என்று எதுவும் கிடையாது. சுக்கான் அறையில் ஆணியில் மாட்டிய டிரான்சிஸ்டர்தான் கரைக்கும் அவர்களுக்கும் இருந்த ஒரே கயிறு. 720 கிலோஹெர்ட்சில் சென்னை முதல் அலைவரிசை வானிலை அறிக்கை வாசிக்கும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று அதில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரி காதில் விழுவதற்காக இஞ்சினை நிறுத்தி, அலையில் படகு ஆடிக்கொண்டிருக்க, ஆறேழு பேர் ஒரு சின்னப் பெட்டியைச் சுற்றி மூச்சடக்கி உட்காருவார்கள். கரையில் இலங்கை வானொலிக்காக நாங்கள் கொடுத்த காதுக்கும், கடலில் அவர்கள் கொடுத்த காதுக்கும் இருந்த வித்தியாசம் அன்றுதான் எனக்கு உறைத்தது.

டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. ஆகவே பெட்ரோல் வண்டியின் படபடப்பு அங்கே இல்லை. குற்றவாளி டைனமோ. அது எந்த டைனமோவானாலும் சரி, கார்பன் உரசும் இடத்தில் பொறி தெறிக்கும். கூட இருக்கும் ரெகுலேட்டரின் முனைகள் ஒட்டிப் பிரியும்போதெல்லாம் இன்னொரு பொறி. பின்னால் ஆல்டர்னேட்டர் வந்தபோது கொரகொரப்பு போய், இஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு கீச்சொலி வந்தது. வேகத்தைக் கூட்டினால் சத்தத்தின் சுருதியும் கூடினால், சந்தேகமே வேண்டாம், அது சார்ஜ் ஏற்றும் இயந்திரத்தின் வேலைதான்.

வைத்தியமும் பெரிதல்ல. டைனமோவின் கரண்ட் வெளியேறும் முனைக்கும் அதன் உடலுக்கும் நடுவே, இரும்பை நன்றாகச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கிவிட்டு, ஒரு கண்டன்சரை மாட்டுவோம். ஃபீல்டு முனையில் மட்டும் மாட்டக்கூடாது, மாட்டினால் ரெகுலேட்டரின் முனைகள் கருகிவிடும் என்று அண்ணன் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது. ரேடியோவுக்குத் தனி பாட்டரி, இல்லையென்றால் பாட்டரியிலிருந்து நேராக ஒரு ஜோடி ஒயர். பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுவர வேண்டும். முறுக்கிய ஒயரில் ஒன்று வாங்கும் இரைச்சலை மற்றொன்று சரிக்கட்டிவிடும். உப்புக் காற்றில் பச்சை பூத்த முனைகளை அறுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைப்போம். இஞ்சினை ஓடவிட்டு, அதன் நடுவே அறிவிப்பாளரின் குரல் தெளிவாக வந்ததும், அந்த டிரைவர் முகத்தில் வந்த சிரிப்புக்கு ஈடாக எந்தச் சம்பளத்தையும் நான் பின்னாளில் வாங்கவில்லை.

பெரிய கப்பல்களில் வேறொரு ஒழுங்கு இருந்தது. அதைப் பற்றித் துறைமுகத்தில் ஓய்வுபெற்ற ஒரு ரேடியோ ஆபீசர் சொல்லக் கேட்டேன். கப்பலின் ரேடியோ அறைக் கடிகாரத்தில், 15ஆம் நிமிடத்திலிருந்து 18 வரையும், 45இலிருந்து 48 வரையும் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள். 500 கிலோஹெர்ட்சில் மோர்ஸ் அடிக்கும் உலகத்துக் கப்பல்கள் எல்லாம் அந்த மூன்று மூன்று நிமிடங்கள் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்துவைக்க வேண்டும். எங்காவது வலுவிழந்த ஒரு பாட்டரியில் யாராவது அபயக்குரல் எழுப்பினால் அது கேட்க வேண்டும் என்பதற்காக. மணிக்கு இரண்டுமுறை உலகமே அமைதி காத்தது. 1999 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோளும் தானியங்கி அழைப்புமான புதிய முறை முழுமையாக வந்தது. மோர்ஸோடு சிவப்புப் பட்டைகளும் போயின. புதிய முறை பல உயிர்களைக் காப்பாற்றுகிறது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பிறர் குரலுக்காக நாம் சும்மா இருக்கும் அந்தப் பழக்கத்தையும் கூடவே வைத்துக்கொண்டிருக்கலாம்.

இன்றைய காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். சுக்கான் அறையில் வி.ஹெச்.எஃப். செட், ஜி.பி.எஸ்., மீன் காட்டும் எக்கோ, படகின் இருப்பிடத்தை அறிவிக்கும் கருவி, தலைக்கு மேல் எல்.இ.டி. விளக்கு வரிசை, மூலையில் இன்வெர்ட்டர், அதில் செல்போன் சார்ஜர்கள். பார்க்கவே பெருமையாக இருக்கிறது. ஒரு டிரான்சிஸ்டரைச் சுற்றிக் குந்தியிருந்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று 16ஆம் சேனலில், 156.8 மெகாஹெர்ட்சில், மைக்கை எடுத்துப் பேசுகிறார்கள். செட்டைப் போட்டால் ஒரு கொரகொரப்பும் இல்லை, அவ்வளவு நிசப்தம்.

எனக்குக் கவலை தருவது அந்த நிசப்தம்தான். வி.ஹெச்.எஃப். செட்டில் ஸ்குவெல்ச் என்று ஒரு குமிழ் உண்டு. அலைவரிசையில் யாரும் பேசாதபோது வரும் வெற்று இரைச்சலை அது அடைத்துவைக்கும். அந்த வரம்பைத் தாண்டும் வலுவான குரல் வந்தால்தான் ஸ்பீக்கரைத் திறக்கும். படகில் இரைச்சல் கூடினால் என்ன செய்வோம்? குமிழை இன்னும் கொஞ்சம் திருப்புவோம். இரைச்சல் கேட்காது. தூரத்திலிருந்து மெலிந்து வரும் குரலும் கேட்காது. என் இளமையில் கொரகொரத்த பெட்டி, கோளாறு இருப்பதைக் கத்திக் கத்திச் சொன்னது. நாங்களும் துரத்திப் போய்ப் பிடித்தோம். இன்றைய செட் அதை மரியாதையாக மறைத்துவிடுகிறது. இரைச்சல் கேட்காமல் போனது, இரைச்சல் போகவில்லை.

சொல்லப்போனால் அது கூடியிருக்கிறது. எல்.இ.டி. விளக்குக்குள் இருக்கும் டிரைவர், செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே கரண்டை நொடிக்கு ஆயிரக்கணக்கில், சிலவேளை லட்சக்கணக்கில் வெட்டி வெட்டித்தான் அளந்து தருகின்றன. ஒவ்வொரு வெட்டும், என் காலத்துப் பொறியைப் போலவே, அலையைக் கிளப்பும். நல்ல தயாரிப்பில் அதை உள்ளேயே அமுக்க ஒரு வடிகட்டி இருக்கும். விலையைக் குறைக்க முதலில் கழற்றப்படுவதும் அதுதான். 2018 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதைப் பற்றியே தனி எச்சரிக்கை வெளியிட்டது: ஆன்டெனாவுக்கு அருகில் பொருத்திய எல்.இ.டி. விளக்குகள் வி.ஹெச்.எஃப். செட்டையும், கப்பல்கள் ஒன்றையொன்று அடையாளம் காணும் ஏ.ஐ.எஸ். கருவியையும் செவிடாக்குகின்றன என்று.

செவிடு என்றால் முழுச் செவிடல்ல. பக்கத்துப் படகு கணீரென்று கேட்கும். அதனால் செட் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம். திறந்தவெளிக் கணக்கில், இரைச்சல் நான்கு மடங்கானால் குரல் கேட்கும் தூரம் பாதியாகிவிடும். படகுக்கும் படகுக்கும் வி.ஹெச்.எஃப். எட்டுவதே சுமார் 10 கடல் மைல்தான். அதில் பாதியையும் நம் கையாலேயே வெட்டிக்கொள்கிறோம். இரைச்சல் முதலில் விழுங்குவது, மிகத் தொலைவில், மிகக் குறைந்த பாட்டரியோடு, மிக அதிக ஆபத்தில் இருப்பவனின் குரலை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற குமரி மாவட்ட ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் எச்சரிக்கை வருமுன்னரே வெகுதூரம் போயிருந்தார்கள். கரையிலிருந்து வி.ஹெச்.எஃப். அவ்வளவு தூரம் எட்டவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு ஆண்கள் திரும்பவில்லை. அதற்குக் காரணம் தூரம். இரைச்சல் என்று நான் சொல்லவில்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகு, 2019இல், செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையைப் படகின் செல்போனுக்குக் கொண்டுவரும் ஜெமினி கருவி வந்தது. இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் டிரான்ஸ்பாண்டர்களும் வந்தன. இவையெல்லாம் வந்த பிறகும், மூழ்கும் படகுக்கு முதலில் ஓடிவரக்கூடியது பக்கத்துக் கடலில் நிற்கும் இன்னொரு படகுதான். அதற்கு அந்தப் படகின் காது திறந்திருக்க வேண்டும்.

இன்றைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறைகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. பூந்தமல்லி சாலையின் தலைக்கு மேலே மெட்ரோவுக்குத் தூண் எழுந்துவிட்டது. ரேடியோ ரிப்பேர்க் கடை இருந்த இடத்தில் செல்போனுக்குக் கண்ணாடி மாற்றுகிறார்கள். எஸ்டேட்டின் சின்னச் சின்ன யூனிட்டுகளில் இளைஞர்கள் விளக்குகளும் பவர் சப்ளைகளும் செய்கிறார்கள். தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. தங்கள் கருவி எவ்வளவு இரைச்சல் விடுகிறது என்று அங்கே அளந்து பார்க்கலாம். நாங்கள் டிரான்சிஸ்டரோடு தெருத்தெருவாக அலைந்த காலத்தில் அப்படி ஒரு வசதியைக் கனவில்கூட நினைத்ததில்லை. அந்த இளைஞர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வடிகட்டியைக் கழற்றாதீர்கள். அண்ணன் சொன்னதுபோல, பிறக்கிற இடத்திலேயே அமுக்குங்கள். அங்கேதான் அது சுலபம், மலிவு.

படகு வைத்திருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. கடலுக்குப் போகுமுன், கரையிலேயே, எல்லா விளக்கையும் கருவியையும் அணைத்துவிட்டு வி.ஹெச்.எஃப். செட்டை மட்டும் போடுங்கள். யாரும் பேசாத ஒரு சேனலுக்குப் போய், ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் கேட்கும்வரை திறந்து, பிறகு சத்தம் சரியாக அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது எல்.இ.டி.யைப் போடுங்கள். செட் மறுபடியும் கொரகொரத்தால் அந்த விளக்குதான் உங்கள் காதை அடைக்கிறது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்: இன்வெர்ட்டர், சார்ஜர், எக்கோ, கடைசியில் இஞ்சின். குற்றவாளி அகப்பட்டதும் அதன் ஒயரில், கருவிக்கு ஒட்டினாற்போல, ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். ஒயரை வளையத்துக்குள் இரண்டு மூன்று சுற்று விட்டால் இன்னும் நல்லது. ஆன்டெனாவையும் அதன் கேபிளையும் விளக்குகளிலிருந்து விலக்கி உயரத்தில் கொண்டுபோங்கள். செட்டுக்கு பாட்டரியிலிருந்து நேரடியாக, ஃபியூஸ் வைத்து, முறுக்கிய ஒயர் கொடுங்கள். எதற்கும் அடங்காத விளக்கை மாற்றிவிடுங்கள். குமிழைத் திருப்பி இரைச்சலை மறைப்பதை மட்டும் செய்யாதீர்கள். உங்களைக் கூப்பிடுகிறவனின் குரல் அந்த இரைச்சலுக்குள்தான் இருக்கும்.